நாங்கள் நிறுத்திய போனக்காட்டுப் பேருந்து

திருவனந்தபுரத்தில் விடியற்காலையில் தனியாக ஓடுகிறவனை நாய்கள் விடுவதில்லை. சர்க்கரைக்காக நடக்கச் சொன்னார் மருத்துவர். நடை சலித்து ஓடத் தொடங்கினேன். கரமனைப் பாலத்தருகில் இரண்டு முறை துரத்தப்பட்டேன். அதன் பிறகு ஓட்டக் குழு ஒன்றில் சேர்ந்தேன். என் கூட்டு ஓட்டத்தின் வரலாறு இவ்வளவுதான். நாய்ப் பயத்துக்கு மேல் அதில் தத்துவம் ஏதுமில்லை.

குழுவில் மற்றவர்களுக்குத் தத்துவம் இருந்தது. மியூசியத்தின் வாசலில் ஐந்தரை மணிக்குக் கூடும் அந்த முப்பது நாற்பது பேரில் ஓடுவதற்காக மட்டும் ஓடுகிறவர் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. ஒருவர் தம்மைக் கண்டடைய ஓடினார். இன்னொருவர் தம் எல்லைகளைக் கடக்க ஓடினார். அவருடைய எல்லை வெள்ளையம்பலத்துக்கு அப்பால் போனதில்லை. ஓடி முடித்ததும் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கடிகாரம் ஒப்புக்கொள்ளாத தூரத்தை எவரும் ஓடியதாகக் கருதுவதில்லை. கடிகாரத்தில் மின்னூட்டம் தீர்ந்துபோன ஒரு நாள், நல்ல படிப்புப் படித்த ஒருவர், அன்று தாம் ஓடியது வீண் என்று உண்மையாகவே வருந்தினார். பிறகு படம் எடுத்துக்கொள்வோம். படத்தில் எல்லோரும் கட்டைவிரலை உயர்த்துவார்கள். நானும் உயர்த்தினேன். நாய்கள் இல்லாத பாதைக்கு நான் கொடுத்த விலை அது.

இரண்டாம் ஆண்டு, வெறுமனே ஓடினால் போதாது, பிறருக்காக ஓட வேண்டும் என்ற எண்ணம் குழுவுக்கு வந்தது. குழுவின் தலைவர் எங்கள் அக்ரகாரத்துத் தெருவில் பிறந்தவர், டெக்னோபார்க்கில் மேலாளர், நாற்பது வயது. என்னை மாமா என்று அழைப்பார். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் ஓர் அங்கன்வாடி இருக்கிறது, தொழிலாளர்கள் தமிழர்கள், அதைப் புதுப்பிக்க நிதி திரட்டுவோம், வித்துராவிலிருந்து தோட்டத்துச் சாலையில் மேலேறித் திரும்பி வரும் ஓர் ஓட்டம் நடத்துவோம் என்று அவர் அறிவித்தார். போனக்காட்டைத் தேர்ந்ததன் காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார். அங்கே மூடுபனி உண்டு. படம் நன்றாக வரும்.

வேண்டுகோளை எழுதும் வேலை எனக்கு வந்தது. தமிழில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன் குழுவில் நான் ஒருவனே. நான் எழுதியதைத் தலைவர் படித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நன்னாத்தான் இருக்கு மாமா. ஆனா ஃபீல் வரலை. வாசிச்சா கண்ணு நனையணுமாக்கும்."

"அங்க நான் போனதே இல்லையேப்பா. எதைப் பார்த்து அழறது?"

"நாங்க மட்டும் போயிருக்கோமா? ஒரு அம்மா, ஒரு அடுப்பு, ஒழுகற கூரை. இவ்வளவு போரும்."

மொழியின் தூய்மைக்காக நாற்பதாண்டுகள் பிறரைத் திருத்தி வந்த நான் அன்றிரவே உட்கார்ந்து, காணாத கூரையை ஒழுக விட்டேன். அதன் கீழே முகமறியாத ஒரு தாயை நிறுத்தி, நனைந்த விறகை ஊதச் செய்தேன். வாக்கியங்கள் நேர்த்தியாக அமைந்தன. இப்போது நினைத்தால் எனக்கு மிகவும் அருவருப்பாக இருப்பது அந்த நேர்த்திதான்.

தெருவில் வீடு வீடாகப் போய் ஆதரவாளர்களைச் சேர்ப்பதும் ஒவ்வொருவரின் கடமையாயிற்று. ஓடும் தூரத்துக்கு இவ்வளவு என்று அவர்கள் வாக்குத் தர வேண்டும். எதிர்வீட்டு மாமா, கணக்குத் தணிக்கையில் ஓய்வு பெற்றவர், என் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீர் ஓடினா அங்க கூரை எப்படி ஓய் மாறும்?"

"நான் ஓடறேன், நீங்க பணம் தரேள், அது அங்க போறது."

"அப்போ நீர் ஓடாம இருந்தாலும் நான் தரலாமோல்லியோ? நடுவில நீர் எதுக்கு?"

 உள்ளேயிருந்து மாமி சொன்னாள்: "காலம்பற டிரவுசர் போட்டுண்டு தெருவில போறதை நிறுத்தினாக்க நான் ரெட்டிப்பாத் தரேன்னு சொல்லுங்கோ."

இருவரும் சிரித்தார்கள், பணமும் தந்தார்கள். எங்கள் குழுவைப் பற்றி நான் கேட்ட விமரிசனங்களில் அதைவிடச் சுருக்கமானது வேறில்லை.

ஓட்டத்துக்குச் சனிக்கிழமையைத் தேர்ந்தார்கள். ஞாயிறன்று களைப்பாறலாம் என்பது காரணம். அன்று அலுவலகங்கள் உண்டே என்றேன். மென்பொருள்காரர்கள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். தமக்கு விடுமுறையான நாளில் உலகம் விழித்திருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஆறு மணிக்குக் கொடியசைப்பு. எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்து சாலை திறந்துவிடும் என்று அனுமதிக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

எனக்குக் கிடைத்த பதவி ஸ்வீப்பர். ஓட்டத்தில் எல்லோருக்கும் பின்னால், கடைசி ஆளோடு ஓடி வருகிறவனை அப்படி அழைப்பார்கள். அவன் கடந்த பிறகுதான் சாலையைத் திறக்க வேண்டும் என்பது விதி. வயதையும் வேகத்தையும் பார்த்து என்னிடம் அதைக் கொடுத்தார்கள். பச்சை நிற மேலங்கி ஒன்றும் கிடைத்தது.

கொடியசைக்க வேண்டிய பிரமுகர் ஏழேகாலுக்கு வந்தார். வந்தவர் உடல்நலம் பற்றிப் பேசினார். ஏழரைக்கு மேல் ஓட்டம் தொடங்கியது. கடைசியில் என்னோடு வந்தவர்கள் ஓடவும் இல்லை, நடக்கவும் இல்லை, படம் பிடித்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் மூடுபனியைப் பின்னால் நிறுத்தி, ஓடுவதுபோல ஒரு காலைத் தூக்கி நின்றார்கள். அவர்களை விட்டு முன்னேற எனக்கு அனுமதி இல்லை. காத்திருந்தேன். தேர்ந்த மேய்ப்பனுக்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்காது.

ஓட்டக்காரர்கள் திரும்ப வேண்டிய இடம், மலையில் ஓர் ஓடை சாலையைத் தொடும் வளைவு. நான் அங்கே சேர்ந்தபோது மணி எட்டே முக்கால். காற்றடைத்த பெரிய தோரணவாயில் ஒன்று சாலைக்குக் குறுக்கே நின்றது. அதைச் சுமந்து வந்த சிறு லாரியும் குறுக்காகவே நின்றது. லாரிக்கு அப்பால், போனக்காட்டிலிருந்து இறங்கி வந்த அரசுப் பேருந்து.

பேருந்தின் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கி, சாலையோரக் கல்லில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். நடத்துநர் எங்கள் தொண்டர் ஒருவரோடு மல்லுக்கு நின்றார். நான் அவர்களிடம் விசாரித்தபோது தெரிந்தது இது. லாரிக்காரர் காலையில் பொருள்களை இறக்கிவிட்டுச் சும்மா நின்றிருக்கிறார். "சேட்டனும் வா, இது எல்லாருக்குமான ஓட்டம்" என்று அவருக்கும் ஒரு டி-ஷர்ட்டை மாட்டி ஓட விட்டிருக்கிறார்கள். லாரியின் சாவி அவர் கால்சட்டைப் பையில். அவர் வித்துராவை நோக்கி உற்சாகமாக ஓடிக்கொண்டிருந்தார். அந்த வளைவில் கைபேசிக்குச் சிக்னலும் இல்லை.

மனித குலத்தின் ஒற்றுமையில் எங்கள் குழு கொண்டிருந்த நம்பிக்கை, மலையிலிருந்து இறங்கும் ஒரே பேருந்தை அப்படி மறித்து நின்றது.

பேருந்திலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட நீலச் சேலை. மார்போடு அணைத்த பிளாஸ்டிக் கோப்பு. என் பச்சை மேலங்கியைப் பார்த்து, அதிகாரி என்று எண்ணினார் போலும்.

"சாரே, எப்பத்தான் வண்டிய விடுவீங்க?"

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்மா. அவசரமா?"

"அவசரமாவா? பத்து மணிக்கு வித்துரா பஞ்சாயத்தாபீசுல எனக்கு இண்டர்வியூ சாரே. அங்கன்வாடி ஹெல்பர் வேலைக்கு. நாலு வருசமா டெம்பரவரியா நான்தான் பாக்குறேன். இன்னைக்கு போகலேன்னா கீழேருந்து வேற ஆள போட்டுருவாங்க."

"எந்த அங்கன்வாடி?"

"எங்க எஸ்டேட்டுலதான். போனக்காட்டுல."

என் மார்பில் குத்தியிருந்த எண் துணியில், என் எண்ணுக்குக் கீழே, 'போனக்காட்டு அங்கன்வாடிக்காக' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. மலையாளத்தில் இருந்த அதை அவர் மெல்லப் படித்தார். பிறகு லாரியைப் பார்த்தார்.  திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"எவ்வளவு தூரம் சாரே இங்கேருந்து?"

"ஆறு கிலோமீட்டருக்குக் குறையாது."

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். சேலை முந்தானையை இடுப்பில் செருகினார். இறங்கத் தொடங்கினார், முதலில் வேகமான நடை, முதல் வளைவுக்குள் ஓட்டம். ஸ்வீப்பர் கடைசி ஆளை விட்டு நகரக் கூடாது. எனக்குப் பின்னால் நால்வர் ஓடையில் கால் நனைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அங்கேயே விட்டுவிட்டு நான் அந்தப் பெண்ணின் பின்னால் ஓடினேன். குழுவில் சேர்ந்த நாள்முதல் நான் செய்த முதல் விதிமீறல் அது.

மலைச்சரிவில் அவர் கால் வைத்த விதத்தை எந்தப் பயிற்சியாளரும் எனக்குக் கற்றுத் தந்ததில்லை. பாதம் தரையில் தங்கவே இல்லை. கோப்பு மார்பை விட்டு அசையவில்லை. என் விலையுயர்ந்த காலணி தப்புத் தப்பென்று அறைந்தது. ஒரு கட்டத்தில் இருவர் மூச்சும் ஒரே கதிக்கு வந்தன. மியூசியத்தைச் சுற்றி இரண்டாண்டுகள் நாற்பது பேரோடு ஓடியும் எனக்கு வாய்க்காத ஒன்று அந்தச் சாலையில் எனக்குள் நேர்ந்தது. அதை மகிழ்ச்சி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, வேறு சொல்லும் கிடைக்கவில்லை. அவருக்கு அதில் மகிழ்ச்சி ஏதும் இல்லை. அவர் வேலையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

"கோப்பை நான் வாங்கிக்கட்டுமா?"

"வேண்டாம் சாரே. நீங்க விழுந்தா சர்ட்டிபிகேட்டும் சேர்ந்து விழும்."

சற்றுத் தூரம் போய், மூச்சுக்கு நடுவே கேட்டேன்: "மழைக்குக் கூரை ரொம்ப ஒழுகுமோ?"

"எந்தக் கூரை?"

"அங்கன்வாடிக் கூரை."

"அது ஓட்டுக்கூரை சாரே, சொட்டு ஒழுகாது. கதவுதான் இல்ல. உளுத்துப் போச்சு. ராத்திரி காட்டுப்பன்னி வந்து அரிசியெல்லாம் கிண்டிப் போட்டுரும். கூரை ஒழுகுதுன்னு யாரு சொன்னது?"

நான் மூச்சு வாங்குவதுபோல நடித்தேன்.

வழியில் எங்கள் தொண்டர்கள் நின்றார்கள். சேலையில் ஓடி வரும் பெண்ணைக் கண்டதும் கூச்சல் எழுந்தது. "சூப்பர் சேச்சி! கமான் சேச்சி!" என்று தட்டினார்கள். ஒருவர் வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டு பத்தடி கூடவே ஓடினார். அந்தப் பெண் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "அச்சோ, என்னா ஒரு ஃபோகஸ்!" என்று தொண்டர் வியந்தார்.

வித்துராச் சந்தையருகில் முடிவுக்கோடு. பெரிய மின்கடிகாரம் ஒன்று அங்கே எரிந்தது. அவர் தலையை நிமிர்த்தி அதைப் பார்த்தார், முகம் வெளிறியது. இரண்டு மணி, சில நிமிடம், சில நொடி என்று காட்டியது அது. கொடியசைத்தது முதல் கடந்த நேரத்தைத் தவிர வேறெதையும் காட்டாத கடிகாரம். உலகத்தின் மணியைச் சொல்ல அங்கே ஒன்றுமில்லை, எங்கள் கைக்கடிகாரங்கள்கூட ஓட்டத்தின் நேரத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தன. அவர் மலைத்து நின்ற அந்த நொடியில் ஒரு தொண்டர் பாய்ந்து வந்து அவர் கழுத்தில் பதக்கத்தை மாட்டினார். இன்னொருவர் படம் எடுத்தார்.

"பத்து ஆகிடுச்சா சாரே?"

பத்தாக ஐந்து நிமிடம் இருந்திருக்கலாம். பத்து கடந்தும் இருந்திருக்கலாம். "வாங்கோ, வாங்கோ" என்று கையைக் காட்டி நான் முன்னால் ஓடினேன்.

பஞ்சாயத்து அலுவலகக் கூடத்தில் பெண்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். சுவர்க்கடிகாரம் பத்தேகால். வருகைப் பதிவேட்டை மூடி வைத்திருந்தார் அதிகாரியான அம்மையார். வெறுங்கால், வியர்வை, சகதி தெறித்த சேலை ஆகியவற்றை அவர் வரிசையாகப் பார்த்தார். பார்வை கழுத்துப் பதக்கத்தில் வந்து நின்றது.

"ஓட்டத்தினு போயிட்டாணோ வைகியது?" என்று மலையாளத்தில் கேட்டார். ஓடி விளையாடப் போனதால்தான் தாமதமா என்று பொருள். பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது.

அந்தப் பெண் அப்போதுதான் கழுத்தைக் குனிந்து பார்த்தார். அது எப்போது வந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை.

நான் முன்னே வந்து நடந்ததைச் சொன்னேன். அதிகாரி என் பச்சை மேலங்கியை நம்பவில்லை. நியாயம்தான். எங்களால்தான் பேருந்து நின்றது என்றால் அதை எழுத்தில் கொடுக்க வேண்டும், கோப்பில் சேர்த்துக்கொண்டு கடைசி ஆளாகக் கூப்பிடலாம் என்றார். அதற்குள் கடைசி ஆளை விட்டு ஓடிவந்த ஸ்வீப்பரைத் தேடித் தலைவர் வாசலுக்கு வந்துவிட்டார். செய்தியைக் கேட்டதும் என்னை ஓரமாக இழுத்தார்.

"மாமா, வாயால என்ன வேணும்னாலும் சொல்லுங்கோ. எழுத்துல ஒண்ணும் கொடுக்காண்டாம். பஸ்ஸை நிறுத்தினோம்னு பேப்பர்ல இருந்தா அடுத்த வருஷம் பெர்மிஷன் கிடைக்காது, கேட்டேளா?"

"அவாளுக்கு வேலை போயிடுமேப்பா."

"அதுக்குத்தானே நாம ஃபண்டு தரோம்!"

இந்த விடையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதில் வஞ்சகம் கொஞ்சமும் இல்லை. அவர் அதை முழு மனத்தோடு நம்பினார். வஞ்சகனை என்னால் மன்னிக்க முடியும்.

மார்பிலிருந்த எண் துணியைப் பிய்த்தேன். அதன் வெற்றுப் புறத்தில், அதிகாரியின் பேனாவால், மலையாளத்தில் எழுதினேன். எனக்கு மலையாளம் பேச வரும். எழுத்து பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனது. இன்று காலை எங்கள் ஓட்டத்துக்காகச் சாலையை அடைத்தோம். எட்டு மணிக்குத் திறப்பதாகச் சொல்லித் திறக்கவில்லை. இந்தப் பெண் வந்த பேருந்தை எங்கள் லாரி மறித்தது. அவர் ஓட்டத்தில் கலந்துகொள்ளவில்லை. நேரத்துக்கு வருவதற்காக மலையிலிருந்து ஓடி வந்தார். இவ்வளவுதான். எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன, எனக்கே தெரிந்தது. திருத்த நிற்கவில்லை. பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதிக் கையொப்பமிட்டேன். அதிகாரி படித்தார். ஓரிடத்தில் புருவம் சுருங்கியது, எழுத்துப்பிழையால் இருக்கும். துணியை மடித்துக் கோப்பில் வைத்தார். பதிவேட்டைத் திறந்து அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டார்.

 ஒரு வாரத்தில் குழுவின் அறிக்கை வந்தது. முகப்பில் அந்தப் பெண்ணின் படம்: நீலச் சேலை, பதக்கம், கடிகாரத்தைப் பார்த்து வெளிறிய முகம். 'எங்களோடு ஓடிய போனக்காட்டுத் தாய்' என்று கீழே போட்டிருந்தார்கள். நானே கற்பித்த தாய்க்கு ஒருவழியாக முகம் கிடைத்துவிட்டது. படத்தை நீக்கும்வரை அடுத்த அறிக்கையில் ஒரு வரியும் எழுத மாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். படத்தை நீக்கினார்கள், எழுத வேறோர் ஆளையும் தேடிக்கொண்டார்கள். கூரைக்கென்று திரட்டிய நிதியில் ஒரு கதவு போட வேண்டும் என்று நான் மன்றாடியதற்கு மட்டும் இணங்கினார்கள். சுவரில் குழுவின் சின்னத்தைப் பெரிதாகத் தீட்டிய பிறகு மிஞ்சியதில் அந்தக் கதவு வந்தது.

இடவப்பாதி என்கிற ஜூன் மாதப் பருவமழையில் திறப்பு விழா வைத்தார்கள். என்னை யாரும் அழைக்கவில்லை, இருந்தாலும் போனேன். தேர்வுப் பட்டியல் வந்திருக்கும், அதில் அவர் பெயர் இருக்கிறதா என்பதை வேறெவரிடமும் கேட்க எனக்கு மனம் இல்லை. காரில் வந்த குழுவினர், வித்துராவோடு காலநிலை மாறிவிடுவதைப் புதிதாகக் கண்டுபிடித்தவர்கள்போல வியந்துகொண்டே இறங்கினார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயங்களுக்கு நடுவே, சொட்டும் ஒழுகாத ஓட்டுக்கூரையின் கீழே, புதுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பயறு தின்றுகொண்டிருந்தார்கள்.

தலைவர் முதலாவதாகப் படியேறினார். வாசலில் அந்தப் பெண் வந்து நின்றார். அதே நீலச் சேலை, கையில் கரண்டி. இடுப்பில் சாவி ஒன்று தொங்கியது. பதக்கத்தின் பட்டையைப் பாதியாக வெட்டி அதில் சாவியைக் கோத்திருந்தார்.

"ஷூவ வெளிய கழட்டுங்க சாரே. பிள்ளைங்க தரையில உக்காந்து சாப்பிடுதுங்க."

"அம்மா, வெளியில ஃபுல்லா மழையாக்கும். உள்ள வெச்சுக்கறோமே?"

"மழைதான். பிள்ளைங்களும் மழையிலதான் வந்துச்சு."

பதினைந்து ஓட்டக்காரர்கள், ஒவ்வொரு காலணியின் எடையையும் விலையையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள், சகதியில் ஒற்றைக்காலில் நின்று நாடாவை அவிழ்த்தார்கள். கழற்றி வைத்த காலணிகளை நோக்கிப் புல்லிலிருந்து அட்டைகள் நிதானமாக நெளிந்து வந்தன. ஒருவர் அலறினார். வரிசையிலிருந்த பிள்ளை ஒன்று பயற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தது.

நான் கடைசியில் நின்றிருந்தேன். அவர் என்னைக் கண்டுகொண்டார். அடையாளம் தெரிந்ததன் சாயல் முகத்தில் வந்து போனது.

"வேலை கிடைச்சுதாம்மா?" என்று கேட்டேன்.

"கிடைக்காமயா கரண்டியோட நிக்கிறேன்?" என்றார். பிறகு என் கால்களைப் பார்த்தார். "நீங்களுந்தான் சாரே. கழட்டுங்க."

குனிந்து நாடாவை அவிழ்த்தேன்.